மூணு சிமிட்டலை அஞ்சாக்க வாங்கிய மூணு அடாப்டர்

பரனூர் டோல் தாண்டி சென்னைப் பக்கம் வரும்போது ஜிஎஸ்டி சாலையில் லேன் மாறுவது ஒரு பேச்சுவார்த்தை. நாம் இண்டிகேட்டர் போடவேண்டும், பின்னால் வரும் லாரிக்காரர் அதைப் பார்க்கவேண்டும், பிறகு மனசு வைத்து இடம் விடவேண்டும். என் வண்டியில் லீவரை லேசாகத் தட்டினால் மூன்று தடவை சிமிட்டிவிட்டு நின்றுபோகும். லாரிக்காரர் மனசு வைப்பதற்குள் விளக்கு அணைந்துவிடும். லீவரை முழுசாகத் தள்ளிப் போட்டால் தீர்ந்தது, வாஸ்தவம்தான். ஆனால் அந்த மூன்றை ஐந்தாக்க முடியும் என்று ஒருமுறை காதில் விழுந்துவிட்டது. அப்புறம் சும்மா இருக்க முடியவில்லை.

வண்டி 2016 ஃபோர்டு ஈக்கோஸ்போர்ட், 1.5 டீசல். எங்கள் வீடு சிங்கப்பெருமாள் கோவிலில். வண்டி பிறந்த மறைமலை நகர் பிளான்ட் கூப்பிடு தூரம். 2021 செப்டம்பரில் இந்தியாவில் கார் தயாரிப்பை நிறுத்தப்போவதாக ஃபோர்டு அறிவித்தது. 2022 ஜூலையில் மறைமலை நகரிலிருந்து கடைசி வண்டி வெளியே வந்தது, அதுவும் ஓர் ஈக்கோஸ்போர்ட்தான். அதே வருஷம் நான் இதைச் செகண்ட்ஹேண்டில் வாங்கினேன். "போன கம்பெனி வண்டியைப் போய் வாங்குறியே" என்று கேட்காத ஆள் இல்லை. எதிர்வீட்டு அண்ணன் மட்டும் ஒன்றும் சொல்லாமல் பானெட்டைத் தடவிப் பார்த்தார். அவர் அந்த பிளான்ட்டின் பெயின்ட் ஷாப்பில் வேலை பார்த்தவர்.

இங்கே மாற்றப்போவது என்ன என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். இது ரீமேப் இல்லை. என்ஜினின் சக்தியைக் கூட்டும் வேலை இல்லை. சென்னையில் செய்த ஈக்கோஸ்போர்ட் அமெரிக்கா வரைக்கும் கப்பலேறியது. ஒவ்வொரு நாட்டுக்கும், ஒவ்வொரு வேரியன்டுக்கும் தனித்தனி மென்பொருள் எழுதிக்கொண்டிருக்க முடியாது. எல்லாவற்றையும் ஒன்றாக எழுதி, எந்த வண்டிக்கு எது வேண்டும் என்பதைச் சில எண்களில் குறித்துவிடுவார்கள். விளக்கு, பூட்டு, வைப்பர் எல்லாவற்றையும் ஆட்டிவைக்கும் பெட்டியில் அந்த எண்கள் உட்கார்ந்திருக்கும். டேஷ்போர்டு மெனுவில் தெரியாது, கேபிள் போட்டுப் பேசினால் தெரியும்.

இந்தப் பெட்டிக்கு ஆங்கிலத்தில் மூன்றெழுத்துப் பெயர். என்ஜின் பெட்டிக்கும் மூன்றெழுத்துப் பெயர். தமிழில் எழுதினால் இரண்டுமே 'பிசிஎம்' ஆகிவிடுகிறது! ஆகவே இங்கே பாடி மாட்யூல், என்ஜின் மாட்யூல் என்றே எழுதுகிறேன். இரண்டையும் குழப்பிக்கொண்டால் சிரிப்பு வராது.

கருவி தேடும்போது எல்லாரும் முதலில் செய்யும் தப்பை நானும் செய்தேன்: "எல்லா காருக்கும்" என்று அட்டையில் எழுதியிருப்பதைத் தேடினேன். இந்த வேலைக்கு அப்படி ஒன்று இல்லை. இந்தியாவில் 2013 ஏப்ரலிலிருந்து கார்களில் ஓபிடி-2 (வண்டி தன் கோளாறைத் தானே கண்டு சொல்லும் ஏற்பாடு) கட்டாயம். அதனால் பதினாறு முள் சாக்கெட் எல்லா வண்டியிலும் ஒன்றுதான். அந்தச் சட்டம் பொதுவாக்கியது புகை சம்பந்தப்பட்ட தகவல்களைத்தான். என்ஜின் விளக்கு ஏன் எரிகிறது என்பதை எந்தக் கருவியும் வாசிக்கும். இண்டிகேட்டர் எத்தனை தடவை சிமிட்டவேண்டும் என்பது கம்பெனியின் சொந்த விவகாரம், சொந்த பாஷை. ஃபோக்ஸ்வாகன், ஸ்கோடா வைத்திருப்பவர்கள் விசிடிஎஸ் அல்லது ஓபிடி லெவன் பக்கம் போவார்கள். பிஎம்டபிள்யூகாரர்களுக்கு பிம்மர்கோட். ஃபோர்டுக்கும் மாஸ்டாவுக்கும் ஃபோர்ஸ்கேன். என் வண்டி வயசு ஃபோர்டுகளுக்குக் கம்பெனியின் அதிகாரபூர்வக் கருவி ஐடிஎஸ் மென்பொருளும் விசிஎம்-2 என்ற பெட்டியும். அது ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர் வாங்கவேண்டிய சாமான், ஒரு வண்டிக்காரர் வாங்குவதில் அர்த்தமில்லை. புது வண்டி வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்கவேண்டும்: ஃபோக்ஸ்வாகன் 2020 வாக்கில் கோல்ஃப் 8 போன்ற வண்டிகளில் எஸ்எஃப்டி என்று ஒரு பூட்டைக் கொண்டுவந்தது. கம்பெனி சர்வரிடமிருந்து அனுமதி வராமல் பல இடங்களில் எழுதவே விடாது. என் வண்டி பழசு, அந்தத் தொல்லை இல்லை.

ஆக மென்பொருள் முடிவாகிவிட்டது: ஃபோர்ஸ்கேன், விண்டோஸ் லேப்டாப்பில். செட்டிங் மாற்றும் பகுதி திறக்க, அந்த லேப்டாப்புக்கென்று ஒரு லைசென்ஸ் வாங்கவேண்டும். எனக்கு இலவசமாகவே கிடைத்தது, காலக்கெடு உண்டு. போனில் ஓடும் ஃபோர்ஸ்கேன் லைட்டும் வாங்கி வைத்திருக்கிறேன். அது வழியில் ஏதாவது விளக்கு எரிந்தால் பார்க்க. எழுதும் வேலைக்கு லேப்டாப்தான்.

மிச்சம் இருந்தது அடாப்டர், அதாவது சாக்கெட்டில் செருகி வண்டியை லேப்டாப்போடு பேசவைக்கும் துண்டு. அங்கேதான் என் காசும் மூன்று ஞாயிற்றுக்கிழமைகளும் போயின.

முதல் அடாப்டர் நீல நிறத்தில், தீப்பெட்டி சைஸில், புளூடூத். 450 ரூபாய். மேலே 'இஎல்எம்327, வி1.5' என்று ஸ்டிக்கர். இஎல்எம்327 என்பது கனடாவில் எல்ம் எலக்ட்ரானிக்ஸ் என்ற நிறுவனம் செய்த சிப். வண்டியின் பாஷையை கம்ப்யூட்டருக்கு மொழிபெயர்க்கும். அந்த நிறுவனம் 1.5 என்ற பதிப்பை வெளியிட்டதே இல்லை. 1.4க்கு அப்புறம் 2.0தான். ஆக ஸ்டிக்கரே "நான் நகல்" என்று ஒப்புக்கொள்கிறது. இதெல்லாம் வாங்கினபிறகு படித்தது.

நகல் என்பதாலேயே தூக்கிப்போட வேண்டியதில்லை, சோதித்துப் பார்க்கலாம். போனில் ஒரு புளூடூத் டெர்மினல் ஆப் போட்டு, அடாப்டரோடு இணைத்து, கையால் கட்டளைகள் அனுப்பினேன். 'ஏடி இஸட்' என்றால் ரீசெட். பெயரையும் பதிப்பையும் சொன்னது. 'ஏடி ஆர்வி' என்றால் பேட்டரி வோல்டேஜ், 11.8 என்றது. மல்டிமீட்டரை பேட்டரி முனையில் வைத்த அண்ணன், "இங்க 12.4 காட்டுதே தம்பி" என்றார். 'ஏடி பிபிஎஸ்' என்பது உள்ளமைப்புகளின் பட்டியலைக் கேட்கும் கட்டளை. ஒழுங்கான சிப் என்றால் பல வரி பதில் வரும். இது ஒரு கேள்விக்குறியைத் திருப்பி அனுப்பியது. தெரியாது என்பதற்கு அதுதான் அதன் பாஷை. இன்னும் நாலைந்து கட்டளைக்கும் அதே கேள்விக்குறி.

என்ஜினின் கோளாறு எண்ணை (கோடு) வாசிக்க அது போதும், இன்றும் டேஷ்போர்டு டிராயரில் கிடக்கிறது. ஆனால் அரைகுறையாகக் கேட்டு அரைகுறையாகச் சொல்லும் ஒருவரை மொழிபெயர்ப்பாளராக வைத்துக்கொண்டு பத்திரம் எழுத முடியாது.

இன்னொரு காரணமும் உண்டு, ஃபோர்டுக்கே உரியது. மாட்யூல்கள் ஒன்றோடொன்று பேசும் வயர் பாதைக்கு கேன் என்று பெயர்; இந்த வண்டிகளில் அப்படி இரண்டு பாதைகள் சாக்கெட்டுக்கு வருகின்றன. 6, 14 முட்களில் வேகமான பாதை, நொடிக்கு 500 கிலோபிட். 3, 11 முட்களில் நிதானமான பாதை, 125 கிலோபிட். என்ஜின், பிரேக் போன்றவை முதல் பாதையில் பேசும். ஆடியோ மாதிரியானவை இரண்டாவதில். சாதா அடாப்டரில் 3, 11 முட்களுக்கு உள்ளே வயரே இருக்காது. வண்டியில் பாதி ஆட்கள் இருப்பதே அதற்குத் தெரியாது.

அதனால் இரண்டாவது அடாப்டர்: யுஎஸ்பி, பக்கவாட்டில் ஒரு சின்ன ஸ்விட்ச். ஸ்விட்ச் இந்தப் பக்கம் என்றால் வேகப் பாதை, அந்தப் பக்கம் என்றால் நிதானப் பாதை. 900 ரூபாய். உள்ளே சிப் ஓரளவு நல்லது, கட்டளைகளுக்கெல்லாம் பதில் சொன்னது. ஃபோர்ஸ்கேன் "இப்போது ஸ்விட்சை மாற்று" என்று கேட்கும், மாற்றிவிட்டு ஓகே கொடுக்கவேண்டும். குனிந்து, ஸ்டியரிங்குக்குக் கீழே கையை விட்டு, தடவித் தடவி. நாலு தடவை செய்தபிறகு முதுகு ஃபோர்ஸ்கேனை விட அதிகமாக எச்சரிக்கை கொடுத்தது.

முதல் நாள் நான் எதையும் மாற்றவில்லை. இதில் மட்டும் என்னை நானே மெச்சிக்கொள்கிறேன். ஒவ்வொரு மாட்யூலாகத் திறந்து, உள்ளதை உள்ளபடி வாசித்து, ஃபைலாகச் சேமித்தேன். ஃபோர்ஸ்கேன் இதை ஏபிடி என்ற வால்பெயரில் வைக்கும். லேப்டாப்பில் ஒன்று, பென்டிரைவில் ஒன்று.

அந்தச் செட்டிங்கைப் பார்க்க ஃபோர்ஸ்கேனில் இரண்டு வழி. ஒன்றில் ஒவ்வொரு வசதியும் பெயரோடு, பக்கத்தில் தேர்வுகளோடு இருக்கும். இன்னொன்று கச்சா எண்களாக, தொழிற்சாலை எழுதியபடியே. பாடி மாட்யூலின் முகவரி 726. ஒரு வரி 726-01-01 என்று ஆரம்பித்து மூன்று கட்டங்களில் எண்கள் இருக்கும். உதாரணத்துக்கு ஒன்று சொல்கிறேன், நான் இட்டுக்கட்டியது, யாரும் வண்டியில் போட்டுப் பார்க்காதீர்கள்: 8141 2010 0324. எல்லாம் பதினாறடிமான எண்கள், அதாவது பத்துக்குப் பதில் பதினாறு பதினாறாக எண்ணுவது. கடைசி இரண்டு இலக்கமான 24 செட்டிங் இல்லை; அது காவல்காரர். முகவரியை 07, 26 என்று இரண்டாகவும், வரிசை எண்ணை 01, 01 என்றும் எடுத்து, பின்னால் வரும் 81, 41, 20, 10, 03 ஆகியவற்றோடு கூட்டினால், நம் வழக்கமான கணக்கில் 292. அதில் இரண்டு இலக்கத்துக்குள் அடங்காத 256 போக 36. அதைப் பதினாறடிமானத்தில் எழுதினால் 24. இப்போது 03ஐ 05 ஆக்கினால் கூட்டுத்தொகை இரண்டு ஏறும், காவல்காரரும் 26 ஆகவேண்டும்: 8141 2010 0526. பொருந்தாவிட்டால் தப்பு நடந்தது தெரிந்துவிடும். ஃபோர்ஸ்கேன் இதைத் தானே கணக்குப் போட்டுவிடுகிறது. ஆனாலும் ஒரு வரியைப் பேப்பரில் கூட்டிப் பார்த்தபிறகுதான் எனக்குத் தைரியம் வந்தது. அண்ணனுக்கும் காட்டினேன். "எங்க பேட்ச் ஷீட்ல டோட்டல் போடுற மாதிரிதான்" என்றார்.

இரண்டாவது ஞாயிறு. இக்னிஷன் ஆன், என்ஜின் ஆஃப். பெயரோடு இருக்கும் வழியில் பாடி மாட்யூலைத் திறந்து, லேன் மாறும் சிமிட்டல் எண்ணிக்கையை 5 ஆக்கி, எழுது என்று கொடுத்தேன். அந்த நேரம் பார்த்து வீட்டில் காபி கொண்டுவந்தார்கள். டம்ளரை வாங்கத் திரும்பினேன். முழங்கால் கேபிளில் பட்டது. அந்த மலிவு அடாப்டரின் தலை சாக்கெட்டில் எப்போதுமே லொடலொடவென்றுதான் உட்கார்ந்திருந்தது. பாதி எழுதும்போது கழன்று கார்ப்பெட்டில் விழுந்தது.

இண்டிகேட்டர் லீவரைத் தட்டினேன். மூன்றும் இல்லை, ஐந்தும் இல்லை, ஒன்றும் இல்லை. ரிமோட்டை அமுக்கினேன், பூட்டு அசையவில்லை. காபி ஆறிப்போனது.

திரும்பச் செருகி, ஒரு கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு கோடுகளை வாசித்தேன். யு2100. மாட்யூலின் அமைப்பு முழுமையாகவில்லை என்று அர்த்தம். கூடவே யு3003, பேட்டரி வோல்டேஜ் பற்றிய புகார். முக்கால் மணி நேரமாக இக்னிஷன் ஆனில் இருந்ததால் மல்டிமீட்டர் 11.7 காட்டியது. ஆக ஒரே நேரத்தில் இரண்டு அசட்டுத்தனம்.

அண்ணன்தான் நிதானமாக இருந்தார். "முதல்ல சார்ஜர் போடு தம்பி. அப்புறம் பார்க்கலாம்" என்று, தெருமுனை பேட்டரி கடையிலிருந்து பத்து ஆம்ப் சார்ஜரை வாங்கிவந்தார். ஒரு மணி நேரம் கழித்து, போன வாரம் சேமித்த ஏபிடி ஃபைலை அப்படியே ஏற்றி, கச்சா எண் வழியில் மொத்தமாகத் திருப்பி எழுதினேன். அந்தச் சில விநாடிகள் அவர் அடாப்டரைப் பிடித்துக்கொண்டிருந்தார், நான் லேப்டாப்பைப் பிடித்துக்கொண்டிருந்தேன், வீட்டில் யாரும் காபி கொண்டுவரவில்லை. இக்னிஷனை அணைத்துப் போட்டேன். ரிமோட் வேலை செய்தது. சிமிட்டல் மூன்று. அந்த மூன்றைப் பார்த்து அவ்வளவு சந்தோஷப்படுவேன் என்று நினைத்ததே இல்லை.

கருவியில் எத்தனை வசதி என்று பார்ப்பதை அன்றோடு விட்டேன். பழைய எண்ணைக் காட்டுகிறதா, சேமிக்கிறதா, அதைத் திருப்பி எழுத விடுகிறதா என்பதுதான் முதல் கேள்வி. சில கருவிகளில் ஒரு பட்டனைத் தொட்டால் மாறிவிடும், உள்ளே எது மாறியது என்று கண்ணில் படாது. நல்லபடியாக முடிந்தால் அதுபோல சுகம் இல்லை. முடியாமல் போனால் எங்கே திரும்பிப் போவது என்பது தெரியாது. இரண்டாவது கேள்வி அதைவிடச் சாதாரணம்: சாக்கெட்டில் இறுக்கமாக நிற்கிறதா?

மூன்றாவது அடாப்டர் விலிங்கர் எஃப்எஸ், யுஎஸ்பி. ஐயாயிரத்தை ஒட்டிச் செலவானது. ஓபிடிலிங்க் இஎக்ஸ் என்று இன்னொன்றும் இதே வேலைக்கு நல்ல பெயர் எடுத்தது. எனக்குக் கைக்குக் கிடைத்தது இது, அவ்வளவுதான். இரண்டிலுமே ஸ்விட்ச் கிடையாது, இரண்டு கேன் பாதைகளுக்கும் அதுவே மாறிக்கொள்ளும். குனிய வேண்டாம். எல்லா மாட்யூலையும் தேடி முடிக்க முன்பு பத்து நிமிஷம் ஆனது, இப்போது ஒரு நிமிஷத்துக்கும் குறைவு. தலை சாக்கெட்டில் 'க்ளக்' என்று உட்கார்ந்தது. இழுத்துப் பார்த்தேன், வண்டியே கூட வரும்போல இருந்தது. 450, 900 இரண்டையும் முதலிலேயே இதில் போட்டிருக்கலாம். சரி, படிப்புச் செலவு.

மூன்றாவது ஞாயிறு நிகழ்ச்சி எதுவும் இல்லை, அதனால் எழுதவும் அதிகம் இல்லை. சார்ஜர் மாட்டியபடி, லேப்டாப்பின் ஸ்லீப்பை அணைத்து, ஃபேன், ஹெட்லைட், ஸ்டீரியோ எல்லாம் ஆஃப் செய்து, மறுபடி ஒரு பேக்கப் எடுத்து, ஒரே ஒரு செட்டிங்கை மட்டும் மாற்றினேன். சோதித்தபிறகு அடுத்தது: வண்டி நகர்ந்ததும் கதவுகள் தானாகப் பூட்டிக்கொள்வது. என் வேரியன்டில் அணைந்திருந்தது, போட்டதும் வேலை செய்தது. ஒவ்வொன்றுக்கும் தேதி, பழைய எண், புது எண் மூன்றையும் சர்வீஸ் புக்கின் கடைசிப் பக்கத்தில் எழுதியிருக்கிறேன். நாளைக்கு வண்டியை வாங்குகிறவர் திட்டக்கூடாது.

சாவி சம்பந்தப்பட்ட பேட்ஸ் பகுதியில் கை வைக்கவில்லை. அங்கே சறுக்கினால் வண்டி ஸ்டார்ட்டே ஆகாது. க்ரூஸ் கன்ட்ரோலும் போடலாமே என்று அண்ணன் கேட்டார். செட்டிங்கை ஆன் செய்வது எளிது. ஸ்டியரிங்கில் பட்டன் வேண்டுமே. பட்டன் மாட்ட ஏர்பேக்கைக் கழற்றவேண்டும். இல்லாத பொருளை மென்பொருள் வரவழைக்காது, ஏர்பேக் என் லெவலும் இல்லை.

விஷயம் கேள்விப்பட்டு மச்சான் வந்தார். அவருடையது 2019 கடைசியில் வாங்கிய ஈக்கோஸ்போர்ட்.

"மாப்ள, எண்பது தாண்டினா இந்த பீப் சத்தம் உயிரை எடுக்குது. அதை மட்டும் நிறுத்திக் குடுங்க."

2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாரான புதுக் கார்களுக்கு அது சட்டமாக வந்தது. 80க்கு மேல் விட்டுவிட்டு ஒலிக்கவேண்டும், 120க்கு மேல் விடாமல். சீட் பெல்ட் நினைவூட்டலும் அதே உத்தரவில் வந்ததுதான்.

"அதை நான் தொடமாட்டேன் மச்சான்."

"முடியாதா, தெரியாதா?"

"தேடவே இல்லை. எங்க அக்கா முன்சீட்ல உட்காருற வண்டி. நாளைக்கு ஏதாவது ஒண்ணுன்னா இன்சூரன்ஸ்காரனுக்கு நீங்க பதில் சொல்வீங்களா, நான் சொல்லணுமா?"

முகம் சுருங்கிவிட்டது. சமாதானத்துக்கு அவர் வண்டியிலும் சிமிட்டலை ஐந்தாக்கிக் கொடுத்தேன், முதலில் பேக்கப் எடுத்துவிட்டுத்தான். அவர் மாடலில் எண்கள் வேறு இடத்தில் இருந்தன. என் வண்டியின் கச்சா வரியை அப்படியே அவருடையதில் ஒட்டியிருந்தால் என்ன ஆகியிருக்குமோ. ஒரே பெயர், ஒரே பிளான்ட், மூன்று வருஷ இடைவெளி, அவ்வளவுதான் வித்தியாசம்.

என் வண்டியில் முதன்முதலாக ஐந்து வந்த அந்த ஞாயிறு மாலை, அண்ணனைப் பின்னால் நிற்கச் சொல்லிவிட்டு உள்ளேயிருந்து லீவரைத் தட்டினேன். கண்ணாடியில் அவர் குனிந்து பார்ப்பது தெரிந்தது.

"எத்தனை அண்ணே?"

பதில் இல்லை. மறுபடி தட்டினேன். இறங்கிப் போய்ப் பார்த்தால், அவர் விளக்கைப் பார்க்கவே இல்லை. பின்பக்க வீல் ஆர்ச்சுக்கு மேல் உள்ளங்கையை வைத்து, வெளிச்சம் விழும் கோணத்துக்குத் தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பெயின்ட் இன்னும் நல்லா நிக்குது" என்றார். "என்ன கேட்ட? இன்னொரு தடவை போடு, எண்ணுறேன்."

போட்டேன். ஐந்து.